சாப்பாட்டு மேசை விளக்கு

பல்பை இறுக்கிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றை அல்ல, மூன்றையும். சாப்பாட்டு மேசை மேல் ஏறி நின்று, அண்ணாந்து, ஒவ்வொன்றாகத் துண்டால் பிடித்துத் திருகி, இதற்கு மேல் திருகினால் கண்ணாடி கையோடு வந்துவிடும் என்கிற அளவுக்கு இறுக்கிவிட்டு, இறங்கி வந்து, சுவரிலிருந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரின் குமிழைப் பாதிக்குக் குறைத்தான் பூபதி. விளக்கு ஒரு கணம் நிதானமாக எரிந்தது. சரியாகிவிட்டதோ என்று நெஞ்சு லேசாகும் நேரம் பார்த்துத் துடிக்க ஆரம்பித்தது. அந்தத் துடிப்பில் ஒரு ஒழுங்குகூட இல்லை. நாலைந்து தடவை வேகமாக, அப்புறம் ஒரு இடைவெளி, விட்டுவிட்டது என்று நினைத்தால் மறுபடியும். பகல் வெளிச்சத்தில் தெரியாது என்று ஹாலின் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தான். சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஈரோட்டில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் சாயங்காலம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி சசிரேகாவும் பதினொரு வயது மகள் சுபிக்ஷாவும் சசியின் அண்ணன் காரில் ஒன்பதரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். சுபிக்குத் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்கிற பரிசோதனை. தூங்க வைத்தும் பார்க்க வேண்டும் என்பதால் விடியற்காலையே எழுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது என்று சசி முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, அந்த முடி கட்டுக்கு அடங்காமல் பறந்துகொண்டிருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு குழந்தை காரில் ஏறினாள். "நீங்க வரலியாப்பா?" என்றாள். "அப்பா இந்த லைட்டைப் பாத்துடறேன் கண்ணு," என்றான். சசி கார்க் கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். ஆனால் கதவைச் சாத்துவதில்கூட எத்தனை விதம் இருக்கிறது.

இந்த லைட்டைப் பார்த்துவிடுகிறேன் என்று அவன் சொன்னது இது முதல் தடவை இல்லை. இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏங்க, இந்த லைட்டு ஒரு மாதிரி அடிச்சுக்குது, யாரையாவது கூட்டிட்டு வந்து பாருங்க. பாத்துடறேன். ஏங்க, நேத்தும் அடிச்சுது. பாத்துடறேன் சசி. அதற்கப்புறம் அவளும் விட்டுவிட்டாள். பழகிப்போனது. குமிழை முழுதாகத் திருப்பி வைத்தால் துடிப்பதில்லை, குறைத்தால்தான் துடிக்கும் என்பது மூன்று பேருக்குமே தெரியும். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குறைத்தது யார்? பூபதி குமிழிலிருந்து கையை எடுத்தான். குறைத்தது இந்தக் கைதான். ஏழு மணி இருக்கும். மேசையின் அந்தப் பக்கம் சுபி தமிழ்நாட்டு ஆறுகளுக்கு வரைபடத்தில் நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவன் லேப்டாப்பில் எரிந்துபோன ஒரு தறிக்கூடத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவலி. கரி பிடித்த சுவருக்கும் கரி பிடித்த தறிக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் கூசியது. எழுந்து போய்க் குமிழைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். விளக்கு துடித்தது. "அப்பா, லைட்டு அடிக்குதுப்பா, கோடு தெரிய மாட்டேங்குது," என்றாள். "ரெண்டே நிமிசம் கண்ணு, இந்த ஒரு போட்டோ." இரண்டு நிமிடம் என்றுதான் சொன்னான். அது இரண்டு நிமிடம்தானா, ஐந்தா, பத்தா? அதுதான் அவனுக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது. பென்சில் தரையில் உருண்ட சத்தம் கேட்டது. குனிந்து எடுப்பாள் என்று நினைத்தான். நாற்காலி டக் டக் டக் என்று தரையில் அடித்தது. காலை ஆட்டாதே என்றான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கடவுளே, காலை ஆட்டாதே என்றுதான் சொன்னான். அதற்கப்புறம் நிமிர்ந்தான்.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை வரிசையாக நினைக்க முடிவதில்லை. வலது கை தனியாக வெட்டி வெட்டி இழுத்தது. கண்ணில் வெள்ளை மட்டும் இருந்தது. அவள் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் குழந்தையின் சத்தம் என்றே சொல்ல முடியாது. அவளைத் தரையில் கிடத்தியது அவன்தானா, சமையலறையிலிருந்து ஓடிவந்த சசியா? சாவிக்கொத்தை எடுத்துச் சுபியின் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடி அழுத்தியது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. பட்டப் படிப்பு படித்தவன், இரும்பைக் கையில் கொடுப்பதில் ஒன்றும் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொன்னவன், அழுத்து அழுத்தென்று அழுத்தினான். அவள் கையில் பீரோ சாவியின் பல் பதிந்து மறுநாள் வரை சிவப்பாக இருந்தது. அவ்வளவு நேரமும் மேலே இந்த விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் முகம் இருட்டாகி, வெளிச்சமாகி, இருட்டாகி. நிறுத்தியிருந்தால் வலிப்பும் நின்றிருக்குமோ? ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் சுவிட்ச். பூபதி இப்போது எண்ணிப் பார்த்தான், அவள் கிடந்த இடத்திலிருந்து சுவருக்கு ஏழு ஓடு தூரம். ஒரு எட்டு இல்லை, மூன்று எட்டு. மூன்று எட்டும் ஒரு கையும்.

அவன் வேலையே காரணம் கண்டுபிடிக்கிற வேலை. தீப்பிடித்த கிடங்குகளையும் தறிக்கூடங்களையும் போய்ப் பார்த்துக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர். பதினேழு வருடமாக எழுதுகிறான். அறிக்கையில் விபத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விட முடியாது. எல்லாம் எரிந்து ஒன்றுமே மிச்சமில்லாத இடத்தில், யாருக்கும் எதுவும் தெரியாத இடத்தில், மின்கசிவு என்று எழுதிவிடுவான். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். யாரும் மறுத்ததில்லை. எத்தனை இடத்தில் அது உண்மையாக இருந்திருக்கும்? புதன்கிழமை டாக்டரம்மா அந்த மாதிரி ஒரு தாளைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிதானமானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். காய்ச்சல் இருந்ததா? இல்லைங்க. தலையில் அடிபட்டதுண்டா? இல்லைங்க. தூக்கம்? நல்லாத் தூங்குவாளுங்க. டிவி, மொபைல், பளிச் பளிச்சென்று விட்டு விட்டு எரிகிற லைட்டு ஏதாவது அந்த நேரத்தில்? "இல்லைங்க டாக்டர்." கேள்வி முடிவதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. சசி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மூளையைப் பார்த்தான், பாதி கழன்று உள்ளே தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். "உங்க ரெண்டு பேர் குடும்பத்துல யாருக்காச்சும் வலிப்பு இருந்திருக்குங்களா?" இல்லைங்க. இதற்கு சசி திரும்பவில்லை. இது அவளுக்குத் தெரியாது. "சரி, சனிக்கிழமை வாங்க. அன்னைக்கு டெஸ்ட்ல லைட்டையும் கண்ணுக்கு நேரா அடிச்சுப் பார்ப்போம், பயப்பட வேண்டாம்," என்றார். லைட்டை அடித்துப் பார்ப்போம். சனிக்கிழமை வீட்டில் லைட்டைப் பார்க்கிற வேலை இருக்கிறது என்பது அப்போதே முடிவாகிவிட்டது போல.

எலக்ட்ரீசியன் ரபீக்கைப் போனில் பிடித்தான். பக்கத்து ஊர் கோபியில் ஒரு வேலையில் இருந்தார், சாயங்காலம்தான் வர முடியும் என்றார். "என்னங்கண்ணா பண்ணுது?" என்று கேட்டார். விட்டு விட்டு எரியுதுங்க. "எல்லா ரூம்லயுமா, அந்த ஒண்ணு மட்டுமா?" பூபதி போனும் கையுமாக ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவிட்சைப் போட்டான். படுக்கையறை நன்றாக எரிந்தது. சமையலறை நன்றாக எரிந்தது. பிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதும் ஒன்றும் ஆகவில்லை. "இது மட்டும்தாங்க." "அப்ப வெளிய இருந்து வர்ற கரன்ட்டு நல்லாத்தான் இருக்குது. மெயினை ஆஃப் பண்ணிப் போட்டு அந்த போர்டைக் கழட்டி ஒயர் லூசா இருக்குதான்னு பாருங்க. டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடோணும். கை வெச்சுப்போடாதீங்க, ஆமா." மெயினை இறக்கினான். வீடு ஒரேயடியாக அடங்கியது. பிரிட்ஜ் நின்றது, மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. சுவர்ப் பலகையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி, டெஸ்டரை வைத்து வெளிச்சம் வரவில்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு முன்னால் இழுத்தான். உள்ளே சிவப்பும் கறுப்பும் பச்சையும் சுருண்டு கிடந்தன, பல்லி முட்டை ஒன்று ஓட்டோடு இருந்தது. ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான். ஒயர் லூசாக இருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொண்டிருந்தது. லூசாக இருந்தால் அது எப்போதோ ஒயர் இழுத்தவனின் தப்பு, கட்டடக்காரனின் தப்பு, யாருடைய தப்பும் இல்லாத தப்பு. ஒன்றும் லூசாக இல்லை. ஒவ்வொன்றும் திருகாணிக்கடியில் கல் மாதிரி இறுகியிருந்தது.

குடும்பத்தில் யாருக்காச்சும். அந்தக் கேள்வி இப்படித்தான், கை வேலையாக இருக்கும்போது பக்கவாட்டில் வந்து நிற்கும். மரகதம் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. பூபதிக்கு ஏழு வயதாக இருக்கும்போது அத்தைக்கு இருபத்திரண்டோ மூன்றோ. பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வார்த்தையில் நின்றுவிடுவாள். கையிலிருக்கிற டம்ளர் தானாகச் சாயும். காப்பி புடவையில் ஒழுகும், அது தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவாள். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அத்தை மாதிரி செய்து காட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான். சில நாள் விழவும் விழுவாள், அப்போது கதவைச் சாத்திவிடுவார்கள். மரகதத்துக்கு மயக்கம் என்பார்கள். அந்த மற்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒருநாள் துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனவள் திரும்பவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். சசியின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது, சசியின் அம்மா குடும்பப் படத்தைப் பார்த்து இது யாருங்க என்று கேட்க, அவன் அம்மா தயங்காமல் சொன்னாள்: "எங்க நாத்தனாருங்க, காய்ச்சல்ல போய்ட்டா." அவன் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினாலு வருடமாக அத்தை காய்ச்சலில்தான் செத்துக்கொண்டிருக்கிறாள். சுபிக்கு அத்தையின் தாடை. பிறந்த அன்றே அப்பா பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். தாடையில் என்ன இருக்கிறது, தாடையில் ஒன்றும் இல்லை. லைட்டுதான். லைட்டாகத்தான் இருக்க வேண்டும். பூபதி பலகையைப் பழையபடி சுவரில் பொருத்தித் திருகாணியை முடுக்கினான். லைட்டென்றால் ஸ்குரூ டிரைவர் போதும்.

மெயினை ஏற்றிவிட்டு மறுபடியும் ரபீக்கைக் கூப்பிட்டான். ஒயரெல்லாம் இறுக்கமாத்தான் இருக்குதுங்க. "அந்த டிம்மர் எப்பப் போட்டதுங்கண்ணா?" வீடு கட்டினப்ப. "பல்பு?" ரெண்டு மாசம் முன்னாடி மாத்துனேன், எல்இடி. அந்தப் பக்கம் ரபீக் சிரித்தார். "அட, அப்பவே சொல்லியிருக்கலாமுல்லீங்க. அது குண்டு பல்புக்குப் போட்ட டிம்மருங்க. எல்இடிக்கு ஒத்து வராது. குறைச்சா பல்பு இழுக்கிற கரன்ட்டு டிம்மருக்குப் பத்தாது, விட்டு விட்டுப் பிடிக்கும். வேணும்னா ஒரு பழைய பல்பைப் போட்டுப் பாருங்க, கம்முனு எரியும்." விளக்கோடு வந்த பழைய பல்புகளை அவன் தூக்கிப் போடவில்லை, பரணில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்தான். அதே பெட்டிக்குள் புதுப் பல்புகள் வந்த உறையும் கிடந்தது. மேசையில் ஏறி மூன்றையும் கழற்றி மூன்றையும் மாட்டினான். குமிழைத் திருப்பினான். மஞ்சளாக, சூடாக, ஆடாமல் அசையாமல் எரிந்தது. பாதிக்குக் குறைத்தான், ஆடவில்லை. கால்வாசிக்குக் குறைத்தான், இழை சிவந்து அப்படியே நின்றது. மறுபடியும் புதுப் பல்புகளைப் போட்டான். துடித்தது. தேவையே இல்லை, தெரிந்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை பழையதைப் போட்டான், புதியதைப் போட்டான். கடைசியில் உறையைத் திருப்பிப் பார்த்தான். கண்ணுக்கே தெரியாத எழுத்தில், குமிழ் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, டிம்மருடன் பயன்படுத்தக் கூடாது என்று இருந்தது. காரணம். பதினேழு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு காரணம் அவனுக்குக் கிடைத்ததில்லை. வாங்கியது அவன், மாட்டியது அவன், குறைத்தது அவன், ரெண்டே நிமிசம் என்றது அவன். சுபி உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவள் உயரத்துக்குக் குனிந்துகொண்டு, துடிக்கிற விளக்கையே பார்த்தான். எனக்கு வரட்டும் என்று பார்த்தான். கண்ணில் நீர் கோர்த்தது, நெற்றிப் பொட்டு வலித்தது, விளக்கின் உரு பச்சையாகி ஊதாவாகிச் சுவரெல்லாம் அலைந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் துடித்தது. இப்போது அங்கேயும் அவளுக்கு இதைத்தான் செய்யப்போகிறார்கள். கண்ணுக்கு நேராக. அங்கே நின்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் இங்கே திரையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டாக்டரம்மாவுக்கு எதுவுமே தெரியாமல், தெரியாமலே அந்த லைட்டைப் போட்டு, அவளுக்கு மறுபடியும். எழுந்து போனை எடுத்துச் சசியைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க," என்றாள் சசி. பின்னால் ஆஸ்பத்திரியின் இரைச்சல்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

"தலையில ஒயர் ஒட்டிக்கிட்டு இருக்காங்க. ஒட்டி முடிச்சுட்டு உள்ள கூப்பிடறேன்னாங்க. என்ன, லைட்டு சரியாச்சா?"

"சசி, அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாங்கல்ல, லைட்டு ஏதாச்சும் விட்டு விட்டு எரிஞ்சுதான்னு. நான் இல்லைன்னுட்டேன். எரிஞ்சுது. நான்தான் குறைச்சு வெச்சேன். பாப்பா அடிக்குதுன்னு சொன்னா, நான் கேக்கலை. டெஸ்ட்டுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிரு."

சசிக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்கே சொல்லிட்டேன். நீங்க வண்டி எடுக்கப் போனீங்கல்ல, அப்பவே."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு நாளாப் பாத்தேன்."

சரி, இதோடு வைத்துவிடலாம். வைத்துவிடலாம் என்று விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போய்க்கூட விட்டது. பேசிய வாய் திறந்தபடியே இருந்தது. "சசி, இன்னொண்ணு இருக்குது," என்றான். மரகதம் அத்தையைச் சொன்னான். டம்ளரைச் சொன்னான், சாத்திய கதவைச் சொன்னான், முழங்கால் தண்ணீரைச் சொன்னான். சொல்லச் சொல்ல வார்த்தைகள் எளிதாகிக்கொண்டே வந்தன, அது அவனுக்கே பயமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையையும் சொன்னான். வலிப்பு. அத்தைக்கு வலிப்பு இருந்தது.

போனைக் காதிலிருந்து எடுத்து, துண்டித்துவிட்டாளா என்று பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லலை, சரி," என்றாள் சசி. குரல் ஏறவில்லை. "அவ பொறந்தப்ப சொல்லியிருக்கலாம். போன புதன்கிழமை, டாக்டர் வாயை விட்டுக் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்." மூச்சை இழுத்து விட்டாள். "கூப்பிடறாங்க. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிறேன். வெச்சுருங்க."

வைத்தான். அதன் பிறகு இரண்டரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாதாரண சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தான். மெயினை இறக்கி, டிம்மரைக் கழற்றி, அந்த இடத்தில் சுவிட்சைப் பொருத்தினான். இனிமேல் ஒன்று எரியும், இல்லை அணையும், நடுவில் எதுவும் கிடையாது. கைகள் ஒழுங்காக வேலை செய்தன. தலைக்குள் மட்டும் ஒரே இடத்தில் சுற்றியது. லைட்டாக இருக்கட்டும். அவள் கண்ணுக்கு முன்னால் லைட்டைப் போடட்டும், அந்த அலைக் கோடு ஏறி இறங்கட்டும், இதோ பாருங்க லைட்டுதான் என்று டாக்டரம்மா சொல்லட்டும். நான்தான் காரணம் என்று சொல்லட்டும், சசி என் முகத்தில் முழிக்காமல் போகட்டும், ஆனால் லைட்டாக இருக்கட்டும். லைட்டைக் கழற்றிவிட்டேன். தியேட்டருக்குக் கூட்டிப் போகாமல் இருந்தால் போதும், தீபாவளிக்கு மத்தாப்பு வேண்டாம் என்றால் போதும், கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்தால் போதும். என்ன மாதிரி வேண்டுதல் இது. பெற்ற பிள்ளைக்கு டெஸ்டில் கோளாறு தெரிய வேண்டும் என்று எந்த அப்பனாவது வேண்டுவானா? வேண்டினான். திரையைத் திறக்க மறந்துபோய் அரையிருட்டில் உட்கார்ந்து வேண்டினான்.

ஒன்றே முக்காலுக்குக் கார் வந்தது. சுபி முதலில் இறங்கி வந்தாள். தூங்கி எழுந்த முகம், முடியெல்லாம் வெள்ளைப் பசையில் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு நின்றது. "பசிக்குது," என்று சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். சசி செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், யாருக்கோ தகவல் சொல்வதைப் போலச் சொன்னாள். "லைட்டுனால இல்லையாம். எல்லா வேகத்துலயும் அடிச்சுப் பாத்தாங்க, ஒண்ணுமே வரலை. அந்தக் கோளாறு அலை தூங்கறப்பத்தான் வருதாம், இடது பக்கத்துல இருந்து. ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும். மாத்திரை காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, ஒரு வேளைகூட விடக் கூடாது. உங்க அத்தையைப் பத்திச் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. அதுனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதாம். நிறையப் புள்ளைங்க மாத்திரையிலயே நல்லாயிடறாங்கன்னாங்க." மாத்திரை அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சுவரில் புதிதாக இருந்த சுவிட்சைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

லைட்டுனால இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். அவன் தப்பு இல்லை என்று ஒரு இயந்திரமே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இனி கழற்ற எதுவும் இல்லை, மாட்ட எதுவும் இல்லை. அது அவளுக்குள் எங்கோ இடது பக்கத்தில், அவள் தூங்குகிற நேரம் பார்த்து, ஸ்குரூ டிரைவர் போகாத இடத்தில் இருக்கிறது.

சுபி தயிர்சாதம் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து அவன் முன்னால் தலையைக் குனிந்து காட்டினாள். "அரிக்குதுப்பா. அம்மா இழுத்தா வலிக்குது. நீங்க கழுவி விடறீங்களா?" குளியலறையில் வெந்நீரை விளாவி வைத்தான். அவள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து முன்னால் குனிந்தாள். இடது கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் செம்பில் மொண்டு மெதுவாக ஊற்றினான். பசை லேசில் விடவில்லை. ஒவ்வொரு கட்டியாக விரலில் பிடித்து, முடி இழுபடாமல், நனைத்து நனைத்துக் கரைத்தான். உச்சியில் இரண்டு. காதுக்குப் பின்னால் ஒன்று. அந்தக் கட்டிகளுக்கு நடுவே மண்டையோடு இளஞ்சூடாக இருந்தது. இவ்வளவு சின்னதாகவா இருக்கிறது தலை.

"லைட்டு அடிச்சாங்கப்பா. கண்ண மூடுனாலும் செவப்புச் செவப்பாத் தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு."

"பயமா இல்லையா?"

"இல்லை." தண்ணீர் வாயில் போகத் துப்பினாள். "அன்னைக்கு நான் விழுந்தப்ப நீங்க பயந்துட்டீங்களாப்பா? எனக்கு ஒண்ணுமே தெரியலை. முழிச்சுப் பாத்தா நீங்க அழுதுட்டு இருந்தீங்க."

இல்லை கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்தது. "ஆமா," என்றான். "ரொம்பப் பயந்துட்டேன்."

"நானும்," என்றாள் அவள். "அப்புறமாத்தான். உங்களைப் பாத்து."

ஷாம்பு போட்டான். நுரை அவள் கழுத்தோரம் வழிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொள், தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்றான். அவள் பதில் சொல்லவில்லை. ஊற்றினான். இடது கையில் அவள் நெற்றி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. தோள் தளர்ந்தது. மடியிலிருந்த ஒரு கை நழுவித் தொங்கியது, விரல்கள் ஈரத்தரையைத் தொட்டன. பூபதியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. நெற்றியை மெல்ல நிமிர்த்தினான். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விடியற்காலையிலிருந்து விழித்திருந்த குழந்தை. தூக்கமாக இருக்கும். தூங்கறப்பத்தான் வருதாம். தொங்கிய விரல்களைப் பார்த்தான், அவை அசைகின்றனவா, அசைவது தண்ணீரா? சசியைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் குழந்தை பயந்துவிடும். முதுகு ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறுகிற வரை அவன் மூச்சு விடவில்லை.

"சுபி," என்றான், சாதாரணமாக இருக்கும்படி.

ஒன்றும் இல்லை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"சுபி. கண்ணு."

"ம்," என்றாள் அவள் தூக்கத்துக்குள்ளிருந்து, எரிச்சலாக.

வாசலில் நிழலாடியது. சசி துண்டோடு நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. அவள் கண்களும் அந்தத் தொங்கிய விரல்களில்தான் இருந்தன. உள்ளே வந்து ஈரத்தரையில் முழங்காலை ஊன்றி, குழந்தையின் தோள்களை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "நுரை இன்னும் போகலை," என்றாள் அவனிடம், மெல்லிய குரலில். "நான் புடிச்சுக்கறேன். நீங்க ஊத்துங்க."

அவன் செம்பை மொண்டான்.